அடிக்கடி அணைந்துபோகும் டெஸ்க்டொப்: ஃபோர்மட் பண்ணுவதற்கு முன்

வேலைக்கு நடுவே கொம்பியூட்டர் அணைந்துபோகிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் அறிவுரை, "வின்டோஸ் அடிச்சுப் பாருங்கோ". அதாவது டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணி வின்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அடித்தால் அரைநாள் போகும். கவனமில்லாமல் அடித்தால் டெஸ்க்டொப்பில் கிடந்த படங்களும் பிள்ளையின் பாடக்குறிப்புகளும் சேர்ந்து போகும். பழுது பவர் சப்ளையில் (கேசிங்குக்குள் கறண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இருந்தால் புது வின்டோஸும் மறுநாள் அதேபோல அணையும். திருகோணமலை போன்ற வெக்கையான கடலோர ஊரில் சந்தேகப்படவேண்டிய ஒழுங்கு வேறு. முதலில் கறண்ட், அடுத்துச் சூடும் தூசியும், பிறகு உப்புக்காற்றுப் பட்ட இணைப்புகள். ரேம், பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் அதற்குப் பின்னால். வின்டோஸ் கடைசி. காசு செலவில்லாத சோதனைகள் பெரும்பாலும் இந்த ஒழுங்கின் முன்பாதியிலேயே வந்துவிடும்.

தொடங்குமுன் இரண்டு விசயம். கொம்பியூட்டர் இன்னும் எழும்புகிறதென்றால், எதையும் தொடாமல் முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ பிரதி எடுத்துவிடுங்கள். மற்றது, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைத் துடைத்து, டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மாற்றி, யூ.பி.எஸ்.ஸையும் கழற்றிவிட்டு ஒரேயடியாகப் போட்டால், பழுது நின்றாலும் எதனால் நின்றதென்று தெரியாது.

எப்படி நிற்கிறது?

திருப்புளியை எடுக்குமுன் ஒரு கொப்பித் தாளில் குறியுங்கள்: எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அந்த நேரம் வீட்டில் தண்ணீர் மோட்டரோ ஏசியோ ஓடத் தொடங்கியதா. மூன்று நான்கு தடவை குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரியவரும்.

சுவிட்சை நிறுத்தினது போல டக்கென்று அணைந்து, ஃபேன்களும் நின்றுபோனால் அது கறண்ட், யூ.பி.எஸ்., பவர் சப்ளை, கடும் சூடு, பவர் பட்டன் இவற்றில் ஒன்று. வின்டோஸில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நீலத்திரை (வின்டோஸ் பிழைகண்டு நிற்கும்போது காட்டும் திரை; புதிய வின்டோஸ் 11இல் கறுப்பு) வந்தால் ரேம், டிரைவர், டிஸ்க் பக்கம் பாருங்கள். அந்தத் திரையின் கீழே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒரு பிழைப்பெயர் இருக்கும். தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் உறைந்து மவுஸ் அசையாமல் நின்றால், கீபோர்ட்டில் கேப்ஸ் லொக்கை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே இயக்கம் உயிரோடு இருக்கிறது. கிராஃபிக்ஸ் பக்கமோ ஒரு மென்பொருளோ சிக்கி நிற்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் முழு இயந்திரமும் முடங்கியிருக்கிறது. டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

கேம் விளையாடும்போதோ வீடியோ எடிட் பண்ணும்போதோ மட்டும் நின்றால் கிராஃபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, சூடு.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் இயந்திரம் ஆளைக் குழப்பும். நீலத்திரை வந்து, நீங்கள் பார்க்குமுன்பே மறைந்திருக்கலாம். அதை நிறுத்திவைக்க, "திஸ் பிசி"யில் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், அங்கே ஸ்டார்ட்அப் அன்ட் ரிக்கவரி என்ற பகுதியின் செட்டிங்ஸுக்குள் போய் "ஓட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதன் சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும். அதன்பிறகும் திரை வராமலே ரீஸ்டார்ட் ஆனால் பழுது அநேகமாகக் கறண்ட் வரும் வழியில்.

சுவரில் இருந்து தொடங்குங்கள்

வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மாலையில் எல்லோரும் விளக்கும் ஃபேனும் போடும் நேரம் இது இறங்கும். பல்ப் மங்குவதும், யூ.பி.எஸ். உள்ளே டிக் டிக் என்று ரிலே அடிப்பதும் அதற்கு அடையாளம். கிணற்று மோட்டர் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் கொம்பியூட்டர் அணைந்தால், மோட்டரையும் கொம்பியூட்டரையும் வேறு வேறு லைனில் போடச் சொல்லி வயரிங் செய்பவரிடம் கேளுங்கள். சுவர் பிளக்கில் மல்டிமீற்றர் வைத்து அளப்பது புதியவர் செய்யும் வேலை அல்ல.

பிளக்கைப் பாருங்கள். வட்ட முள் பிளக்கை அடாப்டரில் செருகி, அதை இன்னொரு அடாப்டரில் செருகி, அதிலிருந்து நீள வயர் ஓடுவது பல வீடுகளில் உள்ள காட்சிதான். செருகிய பிளக்கை லேசாக அசைத்தால் கொம்பியூட்டர் அணைகிறதா? பிளக்கின் முள் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடா? அப்படியென்றால் பழுது கிடைத்துவிட்டது. கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கறண்ட் தெரிந்தால் எர்த் இல்லை என்று பொருள். இரண்டு முள் அடாப்டரில் எர்த் வராது. அதைச் சரிசெய்யாமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

அடுத்து யூ.பி.எஸ். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுங்கள். கொம்பியூட்டரும் அந்தக் கணமே அணைந்தால் அநேகமாகப் பற்றரி செத்துவிட்டது. சிறிய யூ.பி.எஸ்.களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி. நமது வெக்கையில் இரண்டு மூன்று வருடம் உழைத்தால் நல்லது. முழு யூ.பி.எஸ்.ஸை வாங்காமல் பற்றரியை மட்டும் மாற்றலாம். பழுதான யூ.பி.எஸ். தானே கறண்டை வெட்டுவதும் உண்டு. ஒரு நாள் கொம்பியூட்டரை நேரே சுவரில் செருகி வேலை செய்து பாருங்கள். அன்று முழுக்க நிற்காமல் ஓடினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

யூ.பி.எஸ்.ஸில் 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வோட் அல்ல. அந்த அளவு யூ.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 360 வோட். அலுவலக வேலைக்கான கொம்பியூட்டருக்கு அது தாராளம், பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்டதற்குப் போதாது. லேசர் பிரின்டரையோ போட்டோகொப்பி மெஷினையோ யூ.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. உள்ளே உருளையைச் சூடாக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஒரேயடியாக இழுக்கும் கறண்டில் யூ.பி.எஸ். விழுந்துவிடும். கொமினிகேஷன் கடைகளில் "பிரின்ட் எடுத்தால் கொம்பியூட்டர் நிற்குது" என்பதன் காரணம் அநேகமாக இதுதான்.

திறந்து சுத்தம் செய்தல்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை வெக்கையே 33, 34 பாகைக்கு ஏறிவிடும். கொம்பியூட்டர் அந்தக் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிரவைக்கவேண்டும். சூட்டுப் பழுதுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: காலையில் போட்டால் அரைமணி நேரம் ஓடும், அணைந்தவுடன் திரும்பப் போட்டால் இரண்டு நிமிடத்தில் நிற்கும், ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி அரைமணி நேரம் ஓடும்.

ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளில் புரொசெஸரின் சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 பாகை நமது ஊருக்கு இயல்பு. கடும் வேலையில் 80, 85 வரை போகலாம். பெரும்பாலான புரொசெஸர்கள் 90க்கும் 100க்கும் இடையில் தங்களை வேகம் குறைத்துக் காப்பாற்றப் பார்க்கும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே 70 காட்டினால் கேசிங்கைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

1. ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சை நிறுத்தி, வயரைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கறண்ட் வடியும்.

2. விறாந்தைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே கைவைக்குமுன் கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின் போகும். வயர்கள் எங்கெங்கே செருகியிருக்கின்றன என்று நாலு பக்கமும் படம் எடுங்கள்.

3. ஒரு அங்குலப் புது பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, கை புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கராஜில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயும் வேண்டாம், அதில் தண்ணீர் வரும்.

4. புரொசெஸரின் ஃபேனுக்கும் அதன் கீழே சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்குக்கும் இடையே பாருங்கள். மேலே சுத்தமாகத் தெரியும்; ஃபேனைக் கழற்றினால் கீழே கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருக்கும். உண்மையான அடைப்பு அங்கேதான்.

5. பவர் சப்ளையை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். அதைத் திறக்கவே கூடாது. வயரைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிற்றர்களில் ஆளைக் கொல்லக்கூடிய 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

6. மூடுமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள். செத்த பல்லி, எறும்புக்கூடு, தலை வீங்கிய கெப்பாசிற்றர், யூ.எஸ்.பி. வாயில் பச்சைக் களிம்பு. பல்லி கதகதப்புத் தேடி உள்ளே வரும். இரண்டு முனைகளை உடம்பால் இணைத்தால் அதுவும் சாகும், போர்டும் (மதர்போர்ட்) சாகும். பின்பக்கம் கழற்றிய கார்டின் ஓட்டையைத் தகட்டால் மூடிவிடுங்கள்.

தூசி போயும் சூடு குறையவில்லையென்றால், புரொசெஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதை 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுறொபைல் அல்கஹோலால் துடைத்து, நடுவில் ஒரு கடலையளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் கூடக் குளிராது, வழியத்தான் செய்யும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 வகைப் போர்டில் ஹீட்சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டிப்பிடித்திருந்தால் புரொசெஸர் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், முள்கள் வளையும். கழற்றுமுன் பத்து நிமிடம் கொம்பியூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்து, இடதும் வலதுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பின் தூக்குங்கள். இன்டலின் நாலு முளைக் கூலரில், முளை ஒன்று சரியாகப் பூட்டாவிட்டால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். குறுக்கு மூலைகளாக அழுத்தி, நாலும் "டிக்" என்று பூட்டியதைப் போர்டின் பின்பக்கத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கேசிங் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, நிலத்தில் அல்லாமல் மேசையில் அல்லது சிறு ஸ்டூலில் இருக்கட்டும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டாம்.

உப்புக்காற்று

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, கொம்பியூட்டருக்குள் என்ன நடக்கிறதென்று விளக்கவேண்டியதில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும்; இணைப்பு முனைகளில் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். மாரி மாதங்களில் பழுது கூடுவதும், ஒரு தடவை கழற்றிப் பூட்டினாலே சரியாகிவிடுவதும் இதனால்தான்.

முதலில் ரேம். இரு பக்கக் கொளுக்கியையும் விலக்கி எடுத்து, தங்கநிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மண்கடதாசி தொடவே கூடாது; முலாம் போய்விடும். டபிள்யூ.டி. 40 வேண்டாம், கொன்டக்ட் கிளீனர் என்று விற்கும் ஸ்பிரே சரி. திரும்பச் செருகும்போது கொளுக்கி தானாகப் பூட்டும்வரை அழுத்தவேண்டும். அரைகுறையாகச் செருகிய ரேம்தான் "திறந்து பார்த்த பிறகு எழும்பவே இல்லை" என்ற முறைப்பாட்டின் முதற்காரணம். டிஸ்க்கின் சாட்டா கேபிள், 24 முள் பெரிய பிளக், புரொசெஸருக்கான 4 அல்லது 8 முள் பிளக் எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றிச் செருகுங்கள்.

பலர் நினைத்தே பார்க்காத இடம், பவர் பட்டன். உள்ளே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், நீங்கள் அதை நாலு விநாடி அழுத்திப் பிடித்ததாகப் போர்ட் எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். இதற்காகப் பவர் சப்ளையும் போர்டும் மாற்றிச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்கு ஒரு சதமும் வேண்டாம். பவர் பட்டனின் வயரும் ரீசெட் பட்டனின் வயரும் ஒரே மாதிரியான இரண்டு ஓட்டைப் பிளக்கில்தான் முடியும். பவர் வயரைப் போர்டிலிருந்து கழற்றி, அந்த முள்களில் ரீசெட் வயரைச் செருகுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். இரண்டு நாள் நிற்காமல் ஓடினால் அப்படியே விட்டுவிடலாம்.

போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பற்றரியையும் கவனியுங்கள். கொம்பியூட்டர் திகதியை மறந்துபோனால் அதை மாற்றவேண்டும். மாற்றிய பிறகு பயோஸில் (கொம்பியூட்டர் எழும்பும்போது வின்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் மென்பொருள்) திகதியைச் சரிசெய்யாவிட்டால் இணையதளங்கள் திறக்காது.

ரேமும் பவர் சப்ளையும்

துடைத்தும் நீலத்திரை வந்தால், குறிப்பாக "மெமரி மேனேஜ்மென்ட்" அல்லது "பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா" என்ற பெயரோடு வந்தால், மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் பதிந்து அதிலிருந்து பூட் பண்ணுங்கள். ஒரு சுற்றுப் போதாது. இரவு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அது பிழைதான். பயோஸில் எக்ஸ்.எம்.பி. (ரேமை வேகம் கூட்டி ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் நல்லது, வேகம்தான் அதற்கு அதிகம். பிறகும் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, அதே ஸ்லொட்டில் தனியாகப் போட்டுச் சோதித்தால் கெட்டது எது என்று பிடிபடும்.

பவர் சப்ளையைப் பற்றி இரக்கமில்லாமல் சொல்லவேண்டும்: கேசிங்கோடு இலவசமாக வந்த, கையில் எடுத்தால் பாரமே இல்லாத பெட்டியில் "450 வோட்" என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். கொம்பியூட்டர் ஓடும்போது, பழைய நாலு முள் பெரிய பிளக்கில் மல்டிமீற்றரை வைத்தால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை இருக்கவேண்டும். கேம் ஓடும்போது 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள். அளவு சரியாகக் காட்டினால் பவர் சப்ளை நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. நொடிக்கும் குறைந்த நேர இறக்கத்தை மீற்றர் காட்டாது. தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரண்டு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. கடன் வாங்கினால் அதன் வயர்களையும் சேர்த்து வாங்குங்கள். கழற்றக்கூடிய வயர் உள்ள பவர் சப்ளைகளில் ஒரு கம்பனியின் வயரை இன்னொன்றில் செருகினால், முள் ஒழுங்கு மாறி, டிஸ்க்கும் போர்டும் எரிந்துபோகலாம்.

டிஸ்க்

"கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" என்ற நீலத்திரை, கோப்புகள் திறக்க நேரமெடுப்பது, டிஸ்க்கில் கடக் கடக் சத்தம்: இவை டிஸ்க் பழுதின் அடையாளங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். "கறன்ட் பெண்டிங் செக்டர்" என்ற வரியில் பூச்சியம் தவிர வேறு எண் இருந்தால் உடனே பிரதி எடுங்கள், மற்றது பிறகு. "சி.ஆர்.சி. எரர்" மட்டும் கூடிக்கொண்டு போனால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். பிரதி எடுக்குமுன் வின்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள்; சாகும் டிஸ்க்கை அது இன்னும் ஓடவைத்துக் கொன்றுவிடும்.

இனி வின்டோஸ்

ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி" என்று தேடினால் நாள்வாரியாகச் சிவப்புக் குறிகளோடு ஒரு படம் வரும். பழுது எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முதல்நாள் என்ன நிறுவினீர்கள் என்று அதில் தெரியும், அதை நீக்குங்கள். வின்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்று பார்த்துப் பலர் பதறுவார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல. "வியா லொகர்" (WHEA-Logger) என்ற பெயரில் பிழை இருந்தால் அது வன்பொருள்.

கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கி, என்விடியா, ஏ.எம்.டி., இன்டல் தளங்களிலிருந்தே புதிதாகப் போடுங்கள். டிரைவர் அப்டேட் பண்ணித்தரும் மென்பொருள்கள் வேண்டாம். இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மணிக்கணக்காக நிற்காமல் ஓடினால் டிரைவர் அல்லது மென்பொருள்தான்.

இன்டலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெஸர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. வோல்ற்றேஜ் கூடுவதால் சில வகைகள் நிலைகுலைவதை இன்டல் 2024இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (புரொசெஸரின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டது; பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. போர்ட் கம்பனியின் தளத்திலிருந்து இந்தத் திருத்தம் அடங்கிய புதிய பயோஸ் போடுங்கள். போடும்போது கறண்ட் போனால் போர்ட் எழும்பாமல் போகலாம், ஆகவே நல்ல பற்றரி உள்ள யூ.பி.எஸ்.ஸில் வைத்து. ஏற்கெனவே கெட்டுவிட்ட புரொசெஸரை இந்தத் திருத்தம் குணப்படுத்தாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் புது வின்டோஸ். போடுவதென்றால் 11 போடுங்கள், இயந்திரம் தாங்குமானால். 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நீங்கள் எழுதிய தாளையும் நீலத்திரைப் படங்களையும் காட்டுங்கள். "நிற்குது" என்று மட்டும் சொன்னால் ஃபோர்மட்தான் நடக்கும். மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ பஸ்ஸில் கொண்டுவருகிறீர்களென்றால், பாரமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக எடுத்துவாருங்கள். வீதிக் குலுக்கலில் ஸ்லொட் உடையும். குடும்பப் படங்கள் உள்ள இரண்டாவது டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம், பழுது பார்க்க அது தேவையில்லை. சாமான் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். புதியதன் உத்தரவாதக் காலத்தையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.